பரங்கிப் பிஞ்சு வெம்பி விழுகிறது, தேனீயே வருவதில்லை. என்ன செய்யலாம்?

கும்பகோணம் மாடி:
வணக்கம். மாடியில் இரண்டு பையில் பரங்கி, ஒன்றில் சுரை போட்டிருக்கிறேன். கொடி நன்றாகப் படர்ந்து பூவும் நிறைய வருகிறது. ஆனால் பெண்பூவின் அடியில் இருக்கும் பிஞ்சு கோலிக்குண்டு அளவிலேயே மஞ்சளாகி, வெம்பி விழுந்துவிடுகிறது. இதுவரை ஒன்பது போய்விட்டது. மனசே ஆறவில்லை. தேனீ கண்ணிலேயே படவில்லை. தேனீப் பெட்டி வாங்கி வைக்கலாமா?

வயல்வரப்பு:
பெட்டி இப்போது வேண்டாம் தம்பி. சாப்பாடு இல்லாத இடத்தில் வைத்தால் கூட்டம் பெட்டியை விட்டுக் கிளம்பிவிடும். பரங்கிப் பூ விடியும்போது விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். சுரை நேர்மாறு, சாயங்காலம் விரியும், அதைத் தேடி அந்துப்பூச்சி வரும். நீங்கள் எத்தனை மணிக்கு மாடிக்குப் போகிறீர்கள்? மருந்து ஏதும் அடித்தீர்களா?

கும்பகோணம் மாடி:
காலை ஆறரைக்குத் தண்ணீர் விட்டு, அப்படியே வேப்ப எண்ணெயும் அடிப்பேன், பூவெல்லாம் நனைய. அப்புறம், போன மாதம் அசுவினிப் பூச்சிக்கு உரக்கடையில் கொடுத்த இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை ஒரு தடவை அடித்தேன்.

வயல்வரப்பு:
அதை இனித் தொடவே தொடாதீர்கள். அது செடிக்குள் ஊறி, பூந்தேனிலும் மகரந்தத்திலும் வந்து நிற்கும். தேனீக்களுக்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயிர்களுக்கு அதைத் தடை செய்தது. அசுவினிக்குக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேப்ப எண்ணெயைப் பொழுது சாய்ந்தபின் இலைக்கு அடியில் மட்டும் அடியுங்கள், விரிந்த பூவில் படவே கூடாது.

பெண்பூவில் மகரந்தம் சேராததால்தான் பிஞ்சு வெம்புகிறது, இப்போதைக்குக் கைதான் தேனீ. காலை ஏழு மணிக்குள் பரங்கி ஆண்பூ ஒன்றைப் பறித்து இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள்.

துளசிமாடம்:
தம்பி, துளசி வைத்திருக்கிறீர்களா? கதிரைக் கிள்ளாமல் விடுங்கள். எங்கள் வீட்டில் ஒன்பது மணி வெயிலில் கொம்புத் தேனீ ஒவ்வொரு கதிராக ஏறி இறங்கும். கொத்தமல்லி, முள்ளங்கியிலும் இரண்டு செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். நர்சரியில் விற்கும் அடுக்குச் சாமந்தி பார்க்க அழகுதான், ஆனால் அந்த இதழ் அடர்த்தியில் தேனீக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தட்டில் கூழாங்கல் போட்டு, கல் முங்காத அளவு தண்ணீர் வையுங்கள்.

அப்புறம், சுவர் ஓட்டையில் சின்ன மெழுகுக்குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அது கொசுத்தேனீ வீடு. கொட்டாது. தயவுசெய்து சிமெண்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

கும்பகோணம் மாடி (ஐந்து வாரம் கழித்து):
அண்ணன், அக்கா, இருவருக்கும் நன்றி. கையால் தடவிய நான்கில் மூன்று காய் நின்றுவிட்டது. மருந்து அடிப்பதை அடியோடு நிறுத்திவிட்டேன். துளசி கதிர் விட்டிருக்கிறது. இன்று ஆறே முக்காலுக்குப் பரங்கிப் பூவுக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு தேனீ, முதுகு முழுக்க மஞ்சள் தூள்! அங்கிருந்து எழும்பி நேராகப் பக்கத்துப் பெண்பூவுக்குள் போனது. அந்தப் பூவை நான் தொடவில்லை. பிஞ்சு நிற்கிறதா என்று வியாழக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.