‘குட்டி’ படமும் நான் வேலைக்கு நின்ற வீடும்

வீட்டு வேலைக்கு வந்த சிறுமிகளைப் பற்றி இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அவர்களைப் பார்த்தவர்கள். நான் அப்படி அனுப்பப்பட்டவள். ஜானகி விஸ்வநாதன் இயக்கி 2001-இல் வந்த ‘குட்டி’யைப் பற்றி அந்த இடத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

சிவசங்கரியின் கதையிலிருந்து உருவான படம். மண்பாண்டம் செய்யும் தகப்பன் இறந்துவிட, கண்ணம்மா என்ற சிறுமி பிழைப்புக்காகச் சென்னைக்கு வீட்டு வேலைக்கு வருகிறாள். அவளாக நடித்த ஸ்வேதாவுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. நாசர் தகப்பனாக வரும் பகுதியில் அவள் வாழ்ந்த செல்ல வாழ்க்கையை முதலில் பார்த்துவிடுகிறோம். அதனால்தான் பின்னால் வருவதைத் தாங்க முடியவில்லை.

படம் பார்த்தவர்கள், கண்ணம்மா வேலை செய்யும் வீட்டுக்குப் பிறகு வந்து சேர்ந்து அவளைக் கொடுமைப்படுத்தும் மூதாட்டியைத்தான் திட்டுகிறார்கள். கொடுமை செய்கிறவரை அடையாளம் காண்பது எளிது. எனக்கு நெஞ்சை அடைத்தது அதற்கு முந்தைய பகுதி. வீட்டார் அவளிடம் நல்லபடியாக நடந்துகொள்ளும் நாட்கள் அவை. நான் நின்ற வீடும் அப்படிப்பட்டதே. யாரும் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. தீபாவளிக்குப் பாவாடை சட்டை எடுத்துக் கொடுத்தார்கள், காய்ச்சலுக்கு மருந்து வாங்கித் தந்தார்கள். ‘எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறோம்’ என்று விருந்தாளிகளிடம் வீட்டம்மா சொல்வார், மனதாரத்தான் சொன்னார்.

அந்த வீட்டுப் பிள்ளைக்கும் என் வயதுதான். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, ஷூவுக்கு லேஸ் கட்டிவிட்டு, வேன் வரும்வரை அவள் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு வாசலில் நிற்பேன். வேன் போனதும் பாத்திரம் காத்திருக்கும். மாலையில் அவள் கீழே விளையாடும்போது பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. கண்ணாமூச்சிக்கு ஆள் குறைந்தால் என்னையும் கூப்பிடுவார்கள். கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுவது எப்போதும் நான்தான்; ஒளிந்துகொள்ளும் முறை எனக்கு வந்ததே இல்லை. நான் எங்காவது ஒளிந்துகொண்டால் குழந்தையை யார் பார்ப்பது? அன்பான அந்த வீட்டில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. எனக்கும்கூட அப்போது உறுத்தவில்லை என்பதை நினைத்தால்தான் இன்று வயிறு எரிகிறது.

என் சம்பளத்தை நான் கண்ணால் கண்டதில்லை, அது நேராக ஊருக்குப் போய்விடும். தயவுசெய்து யாரும் என் அம்மாவைக் குறை சொல்லி எழுத வேண்டாம். வீட்டில் அடுப்பு எரியாத நாட்களை அவள்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘குட்டி’ வெளிவந்தபோது, ஒரு குழந்தையை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வதை 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடுக்கவில்லை. தீப்பெட்டி, பட்டாசு, பீடி என்று அபாயமான தொழில்களைப் பட்டியலிட்ட அந்தச் சட்டத்தில் வீடு இடம்பெறவில்லை. வீட்டு வேலையும் உணவகங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2006 அக்டோபர் 10 அன்றுதான். 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது என்ற பொதுத் தடைக்கு 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கண்ணம்மாவுக்காக அரங்கில் கண்ணீர் விட்டவர்கள் சிலரின் வீட்டிலேயே, அதே நேரத்தில், ஒரு சிறுமி இரவுச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருப்பாள்.

———

மேலே எழுதிய சகோதரிக்கு வணக்கம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வேலையிலிருந்து மீட்கப்பட்டு, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட்ட ஒரு மாணவி என்னிடம் படித்தாள். கல்வி உரிமைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. விடுபட்ட பாடங்களுக்குத் தனிப் பயிற்சியும் உண்டு. பாடத்தை அவள் எட்டிப் பிடித்துவிட்டாள். வேறொன்றுதான் எங்களுக்குச் சிரமமாக இருந்தது. சத்துணவு முடிந்ததும் மற்றப் பிள்ளைகளின் தட்டுகளையும் சேர்த்துக் கழுவ எடுத்துக்கொண்டு போவாள். ‘அவரவர் தட்டை அவரவர் கழுவட்டும், நீ வா’ என்றால் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல மிரண்டு நிற்பாள். வகுப்பில் யார் கையிலிருந்து எது விழுந்தாலும் முதலில் எழுந்து ஓடி எடுப்பது அவள்தான். மற்றப் பிள்ளைகள் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளப் பார்த்தார்கள்; அதை நிறுத்துவதற்கு நான் அவர்களிடம்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. அவள் முதன்முதலாக ‘என்னால் முடியாது, நீயே எடுத்துக்கொள்’ என்று ஒருத்தியிடம் சண்டை போட்ட நாளில் ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

———

இரண்டு பகிர்வுகளையும் படித்தேன். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை வேலை செய்வதைப் பார்த்தும், அண்டை அயல் உறவு கெட்டுவிடுமே என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ அழைத்தேன். கட்டணமில்லாத எண், இரவிலும் எடுப்பார்கள். என் பெயரைச் சொல்ல விரும்பவில்லை என்றேன், வற்புறுத்தவில்லை. வீடு எங்கே, குழந்தைக்கு எத்தனை வயதிருக்கும், காயம் ஏதும் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டார்கள். குழந்தையை மீட்டுக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தினார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ‘அவர்கள் நன்றாகத்தானே வைத்திருந்தார்கள்’ என்று எங்கள் குடியிருப்பில் இன்றும் சிலர் வருத்தப்படுகிறார்கள். அவர்களுக்கு அந்தக் கண்ணாமூச்சிப் பகுதியை வாசித்துக் காட்டப் போகிறேன்.