செடன்டரி பிஹேவியர்: ‘உடலுழைப்பின்மை’ பொருந்துமா?

வணக்கம். நம் கலைச்சொல் வரைவில், விழித்திருக்கும் பொழுதை உட்கார்ந்தோ சாய்ந்தோ கழிப்பதைக் குறிக்கும் ‘செடன்டரி பிஹேவியர்’ என்பதற்கு ‘உடலுழைப்பின்மை’ என்று போட்டிருக்கிறோம். எடுத்துவிடலாம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலியக்கம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை எட்டாதவருக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். காலையில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு, மீதிப் பொழுதை நாற்காலியில் கழிப்பவர் அந்த அளவைத் தாண்டியவர், ஆனாலும் செடன்டரிதான். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வைத் தமிழில் எழுதவே முடியாது. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்வதால் கூடும் இறப்பு அபாயம், நாளுக்கு 60–75 நிமிடம் மிதமாக இயங்குபவர்களிடம் காணப்படவில்லை என்பது அதன் முடிவு.

செடன்டரி பிஹேவியருக்கான 2017 வரையறை கேட்பது மூன்று: விழித்திருக்க வேண்டும், உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ இருக்க வேண்டும், ஆற்றல் செலவு 1.5 மெட்டைத் (சும்மா உட்கார்ந்து ஓய்வெடுக்கையில் ஆகும் செலவு ஒரு மெட்) தாண்டக் கூடாது. ‘அமர்கிடை’ என்கிறேன்.

> ‘அமர்கிடை’ என்கிறேன்.

கிடை வேண்டாம் ஐயா. நோயில் விழுந்தவரைத்தான் ‘படுத்த கிடை’ என்போம். தூக்கமும் உள்ளே வந்துவிடும். ‘அமர்வு’ என்பதைக் கருத்தரங்குக்காரர்கள் எடுத்துக்கொண்டாயிற்று. ‘அமர்சாய்வு’ எப்படி?

யாராவது ‘அசைவின்மை’ என்று சொல்லுமுன்: அசையாமல் நிற்பதற்கும் 1.5 மெட் ஆகாமல் போகலாம், ஆனால் அது செடன்டரி ஆகாது. அசைவை அளக்க இடுப்பில் கட்டும் முடுக்கமானி சறுக்குவது இங்கேதான். அது பதியும் அசைவு நிமிடத்துக்கு 100 எண்ணிக்கைக்குக் கீழே போனால் செடன்டரி என்று கணக்கு வைப்பார்கள். வரிசையில் சும்மா நிற்பவரும் அதில் விழுவார். தொடையில் ஒட்டும் கருவி சாய்கோணத்தைப் பார்க்கும். தொடை செங்குத்தாக இருந்தால் நிற்கிறார், கிடைமட்டமானால் உட்கார்ந்திருக்கிறார். (உட்கார்வதையும் படுப்பதையும் பிரிக்க அதுவும் திணறும்.)

> ‘அமர்சாய்வு’ எப்படி?

நன்றாக ஓடுகிறது: அமர்சாய்வு நேரம், தொடர் அமர்சாய்வு. ஆனால் தொடர்ந்து உட்கார்வதை இடையில் முறிக்கும் ‘பிரேக்’ என்பதற்கு ‘இடைவேளை’ போட்டுவிடாதீர்கள். அதே நாற்காலியில் கைபேசி பார்ப்பதும் இடைவேளைதானே! 2012இல் வந்த ஒரு சோதனையில், பருத்த உடலினரை 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி 2 நிமிடம் நடக்கவிட்டபோது, உணவுக்குப் பின் ஏறும் குளுக்கோஸ், இன்சுலின் இரண்டும் குறைந்தன. சுருங்கும் கால் தசை இன்சுலின் துணையின்றியே குளுக்கோஸை உள்ளிழுக்கும். ஆகவே எழுவது சொல்லிலேயே தெரியட்டும்: ‘இடையெழல்’.

மெட் அப்படியே இருக்கட்டும். விளக்கத்தில் ‘ஒரு மெட்: உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு 3.5 மி.லி. ஆக்சிஜன்’ என்று சேர்த்துவிடுங்கள்.