புதுப்பிப்பு: சோழர் காலக் காதல் கதை, நாயகியின் ஏக்கம்

ராஜராஜன் காலத்துக் காதல் கதையில் நாயகியின் ஏக்கம் வாசகரைத் தொடவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

வசனத்தைப் பழந்தமிழாக்கிப் பார்த்தேன், பேச்சு விறைத்துப்போனது. கைகொடுத்தது ‘அவள் எதை இழந்தாள் என்று காட்டுங்கள்’ என்ற யோசனைதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் (கோயிலை ஒட்டிய தெருக்களில் குடியமர்த்தப்பட்ட ஆடல் மகளிர்) பெயர், பழைய கோயில், வீடு எல்லாம் இருக்கின்றன; ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் (பழைய முகத்தலளவை) நெல். என் நாயகியை அவர்களில் ஒருத்தியாக, ஆரூரிலிருந்து (இன்றைய திருவாரூர்) வந்தவளாக்கினேன். இப்போது அவள் அழுவதில்லை. ஆரூர்ப் பக்கமிருந்து யார் வந்தாலும், குளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்கிறாள். படித்தவர்கள் அங்கேதான் கலங்கினார்கள்.

அப்புறம், எதிர்பாராத ஒன்று: வீடும் நெல்லும் அவள் பெயரில் வந்ததும், காதலனோடு ஓடிப்போகும் முடிவு பொருந்தவில்லை. அதை மாற்றி எழுதுகிறேன்.