நீராவிக் குழாயில் கேட் வால்வு ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. எந்த வால்வு போடுவது?

நெல்மில்_பராமரிப்பு:
வணக்கம். காங்கேயம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். உமி எரிக்கும் பாய்லர், நீராவி பிரிந்து போகும் தலைக்குழாயில் (ஹெடர்) சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தம். அங்கிருந்து 50 மி.மீ. குழாய் நெல் அவிக்கும் தொட்டிக்குப் போகிறது. அதிலுள்ள கேட் வால்வைக் கால்வாசி திறந்து வைத்து அவிக்கிறோம். ஆறு மாதத்துக்குள் வால்வு கெட்டுவிடுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் நீராவி கசிகிறது. அடுத்த நெல்லைக் கொட்டும்போதே அடிநெல் வேகத் தொடங்கி, அந்த அரிசி மட்டும் நிறம் மாறிவிடுகிறது. நல்ல நெல் இப்படிக் கெடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. கடைக்காரர் பட்டர்ஃபிளை வால்வு மலிவு என்கிறார். மெக்கானிக் பால் (பந்து) வால்வு போடச் சொல்கிறார். எதை வாங்குவது?

பாய்லர்_அனுபவம்:
தம்பி, கேட் வால்வு முழுதாகத் திறக்கவும் முழுதாக மூடவும் மட்டுமே ஆனது. கால்வாசி திறந்தால் உள்ளே ஏறி இறங்கும் தகட்டுக்கு அடியில் பிறைபோல ஒரு சந்து கிடைக்கும். நீராவி முழுவதும் அதன் வழியாகச் சீறும். அதோடு வரும் நீர்த்துளிகள் தகட்டையும் அது அமரும் சீட்டையும் அரித்துக் கோடு போட்டுவிடும். ஒரு கோடு விழுந்தால் போதும், பிறகு எத்தனை இறுக்கினாலும் அடைக்காது. புதிதாக எத்தனை கேட் வால்வு மாற்றினாலும் இதே கதைதான்.

அளவு பார்த்துத் திறக்கக் குளோப் வால்வு போடுங்கள். அதில் தட்டு சீட்டுக்கு நேர்மேலே ஏறி இறங்கும், சுற்றிலும் சமமாக வழி விடும். உடலில் உள்ள அம்புக்குறி நீராவி போகும் திசையில் இருக்கட்டும். அதில் அழுத்தம் சற்றுக் கூடுதலாக இழக்கும் என்பார்கள். நீங்கள் குறைக்கத்தானே போகிறீர்கள், கவலை வேண்டாம்.

சாயப்பட்டறை_ஃபிட்டர்:
7 கிலோவில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 170 டிகிரி. கடைக்காரர் சொல்வது ரப்பர் சீட் பட்டர்ஃபிளை என்றால் வேண்டவே வேண்டாம், அது தண்ணீர்க் குழாய்க்கு ஆனது. பால் வால்வின் டெஃப்லான் சீட் இந்த வெப்பத்தைத் தாங்கும். ஆனால் பாதி திறந்து ஓட்டினால் டெஃப்லானின் விளிம்பு அறுபடும். குளோப் வால்வுக்கு முன்னால், முழுதாக அடைப்பதற்கு மட்டும் ஒரு பால் வால்வு வைத்துக்கொள்ளலாம். பிறகு குளோப் வால்வைக் கழற்ற வேண்டி வந்தால் பாய்லரை நிறுத்த வேண்டியதில்லை.

நெல்மில்_பராமரிப்பு:
மிக்க நன்றி அண்ணா. இன்னொன்று. காலையில் முதல்முறை திறக்கும்போது குழாயில் சம்மட்டியால் அடிப்பது போலச் சத்தம் கேட்கிறது. குளோப் வால்வு போட்டால் அது நின்றுவிடுமா?

பாய்லர்_அனுபவம்:
நிற்காது தம்பி, இதை முதலில் கவனியுங்கள். இரவில் குழாயில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்குகிறது. காலையில் திறந்ததும் நீராவி அந்தத் தண்ணீரை அள்ளிக்கொண்டு ஓடி வளைவில் மோதுகிறது. வார்ப்பிரும்பு வால்வு என்றால் அந்த அடியில் விரிசல் விட்டு வெடிக்கலாம், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. ஆகையால் வார்ப்பு எஃகில் வாங்குங்கள். ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிமுறை) சான்றிதழைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வால்வுக்கு முன்னால் குழாய் தாழும் இடத்தில் தண்ணீர் சேர ஒரு வடிகால் பையும், நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் டிராப்பும் வையுங்கள். ஒய் வடிவ வடிகட்டி போட்டால் அதன் கால் கீழ்நோக்கித் தொங்க வேண்டாம், பக்கவாட்டில் படுத்திருக்கட்டும். தொங்கினால் அதிலும் தண்ணீர் தேங்கும். அதுவரை, காலையில் வடிகாலைத் திறந்து தண்ணீர் முழுதும் போன பிறகு, குழாய் சூடாகும்வரை வால்வை இம்மி இம்மியாகத் திறக்கச் சொல்லுங்கள். பால் வால்வு வைத்தால் அதையும் படக்கென்று திருப்ப வேண்டாம்.

நெல்மில்_பராமரிப்பு:
பழைய வால்வைக் கழற்றிப் பார்த்தேன் அண்ணா. நீங்கள் சொன்னபடியே தகட்டின் அடி விளிம்பில் நகத்தால் கீறியது போல மூன்று கோடுகள். முதலாளியிடம் காட்டினேன், குளோப் வால்வுக்கும் டிராப்புக்கும் சேர்த்தே சம்மதித்துவிட்டார். காலை ஷிப்டு ஆட்களுக்கு வடிகால் திறக்கும் முறையை நாளை நானே நின்று காட்டுகிறேன்.