ரெஸ்பைட் கேர்: தமிழில் எந்தச் சொல்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் தமிழ்ப் பஞ்சாயத்துகளுக்காக, மறதிநோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்ப்போருக்கான உதவிப் படிவம் ஒன்று தமிழாகிக்கொண்டிருக்கிறது. எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை எதுவானாலும் கிராமசபையில் வாசித்த மாத்திரத்தில் புரிய வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். எழுதலாம், சரி. எழுதச் சொல் வேண்டுமே. ‘ரெஸ்பைட் கேர்’ என்ற இடத்தில் வண்டி நிற்கிறது.

பொருள் இதுதான். நோயாளியை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வீட்டு ஆளுக்குச் சில மணி நேரமோ சில நாளோ விடுப்பு கிடைக்க வேண்டும். அந்த நேரத்துக்கு வேறொருவர் பொறுப்பேற்பார். இந்த உதவியின் பயனாளி நோயாளி அல்ல, பார்ப்பவர்.

இதை இப்போதுள்ள உதவித்தொகையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கேரள சமூகப் பாதுகாப்பு மிஷனின் ஆஸ்வாஸகிரணம் திட்டம், முழுநேரமும் ஆள் கூடவே இருக்க வேண்டிய நிலையில் உள்ளவரைப் பார்ப்பவருக்கு மாதம் 600 ரூபாய் தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 20,000, நகரத்தில் 22,375 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மருத்துவச் சான்றோடு அங்கன்வாடி வழியாக ஐசிடிஎஸ் (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்) அலுவலகத்துக்குப் போகும். 600-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 20 ரூபாய். அது பணம். ரெஸ்பைட் கேர் தருவது நேரம். இரண்டுக்கும் ‘பராமரிப்பு உதவி’ என்றே எழுதிவைத்தால், 600 வாங்குகிறவர் தனக்கு இது கிடையாது என்று போய்விடுவார்.

‘ஓய்வுப் பராமரிப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஓய்வு என்றதும் ஓய்வூதியம்தான் காதில் விழும், பென்ஷன் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் இங்கே வந்து நிற்பார்கள். என் முன்மொழிவு: சுமைதாங்கி. நட்ட இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல், தலையளவு உயரம். சுமையை இறக்கவும் மறுபடி ஏற்றவும் இன்னொருவர் கை வேண்டாம். மலையாளத்தில் அத்தாணி என்பார்கள், ஊர்ப்பெயராகவே இருக்கிறது. அலுவலகத்தில் இருப்பவருக்கும் எளிதில் புரியும்.


மூணாற்றிலிருந்து

அண்ணாச்சி, கல் அழகாகத்தான் இருக்கிறது. படிவத்தில் வைக்க முடியாது.

பயனாளிப் பட்டியல் கிராமசபையில் வாசிக்கப்படும். ‘சுமைதாங்கித் திட்டம், 4-ஆம் வார்டு, இன்னார் வீடு’ என்று வாசிக்கும்போது அந்த வீட்டுப் பாட்டியும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நோயின் தொடக்க நிலையில் இருப்பவருக்கு மகள் பெயர் தடுமாறும். ஆனால் பேச்சு தன்னைப் பற்றித்தான் என்பது தெரியும். பார்ப்பவரின் நெருக்கடியை அளக்கும் ஜாரிட் கேள்வித்தாளில் 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. அதிலும் ‘சுமை’ உண்டு. ஆனால் அது வேலையின் பாரம். ஊர் நடுவில் வாசிக்கும்போது யாரும் அப்படிப் பிரித்துக் கேட்கமாட்டார்கள், ஆளைத்தான் சுமை என்பார்கள். இன்னொன்று, பிள்ளைத்தாச்சியாக இறந்த பெண்ணின் நினைவாகத்தான் பல ஊர்களில் சுமைதாங்கி நட்டார்கள். வயதான பெண்கள் அதை மறக்கவில்லை.

சொல்லுக்கு முன்னால், அந்தச் சில மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். சொல் அதிலிருந்து வரட்டும்.

இங்கே எல்லாப் படிவமும் ‘கிடப்பு நோயாளி’யை மனதில் வைத்து எழுதப்பட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, எழுந்து இடம் மாறுவது, மலசலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று காட்ஸ் அளவுகோல் 6 வேலைகளைக் கேட்கும். மறதிநோயின் நடுநிலையில் இருப்பவர் ஆறையும் ஒருமாதிரி செய்துவிடுவார். கூடவே கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறப்பார். இரவு 2 மணிக்குத் தாழ்ப்பாளைத் திறந்து, 30 வருஷத்துக்கு முன் வேலை பார்த்த தேயிலைத் தோட்ட டிவிஷனுக்கு நடப்பார். படுத்துவிட்ட நோயாளியை ஒரு மணி நேரம் விட்டுக் கடைக்குப் போய்வரலாம். நடமாடும் நோயாளியை 10 நிமிஷம் விட முடியாது. அதனால் மருத்துவச் சான்றில் நோயின் பெயரை மட்டும் எழுதி வாங்கினால் போதாது. ‘முழுநேரமும் ஒருவர் உடனிருந்து கவனிக்க வேண்டும்’ என்ற வரி வேண்டும். அந்த வரி இல்லாத தாள்தான் திரும்பி வரும்.

மாற்று ஆள் வரும் நேரத்திலும் கவனம் வேண்டும். அந்தி சாயும்போது குழப்பமும் சந்தேகமும் கூடும், மலையில் சீக்கிரமே இருட்டும். புது முகத்தை 4 மணிக்கு மேல் வீட்டுக்குள் கொண்டுவந்தால் ‘திருடன்’ என்று கூச்சல்தான். காலை 10 முதல் 1 வரை நல்ல நேரம். முதல் இரண்டு தடவை வீட்டு ஆள் வெளியே போகாமல் அடுத்த அறையில் இருக்க வேண்டும், மூன்றாம் தடவை ஒரு மணி நேரம் போகலாம். எடுத்த எடுப்பில் 3 நாள் வேறிடத்தில் விட்டால், திரும்பி வரும்போது நோயாளி முன்பைவிடக் கலங்கியிருப்பார், வீட்டு ஆள் ‘இனிமேல் வேண்டாம்’ என்பார்.

மாற்று ஆளிடம் ஒரு தாள் கொடுக்க வேண்டும். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், எந்தப் பெயரைச் சொன்னால் அழுவார், கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது, டீயில் எத்தனை சர்க்கரை, மாத்திரை போட்டாச்சா. ‘போட்டாச்சா’ என்று நோயாளியைக் கேட்கக் கூடாது. போட்டதாகவே சொல்வார், அல்லது இரண்டாம் தடவை போடுவார்.


கம்பத்திலிருந்து

மூணாறு சிஸ்டர் எழுதியதைப் படித்தபின் சுமைதாங்கியை விட்டுவிடலாம். அகராதிப் பக்கம் என்ன கிடைக்கிறது என்று பார்த்தேன்.

மாற்றாள். வாயில் ‘மாத்தாள்’ என்று இயல்பாக வரும். ஆனால் அகராதியில் சக்களத்தி. ‘வீட்டுக்கு மாற்றாள் அனுப்பப்படும்’ என்று பஞ்சாயத்து எழுதினால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

கைமாற்று. கொஞ்ச நாளைக்கு வாங்கித் திருப்பிக் கொடுப்பது என்ற கருத்து பொருந்துகிறது, ஆனால் ஊரில் அது கடன். குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்தில் இந்தச் சொல்லை எடுத்தால் தவணை எத்தனை என்றுதான் கேட்பார்கள்.

மாற்றிருப்பு. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பதை மலையாளத்தில் ‘கூட்டிரிப்பு’ என்பார்கள், நல்ல சொல். அந்த வழியில் இதை அமைத்தேன்.

பராமரிப்பு என்ற பின்னொட்டையே தவிர்க்கலாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் ‘பராமரிப்பு உதவித்தொகை’ என்றால் மாற்றுத்திறனாளிக்கு மாதம் 2,000 ரூபாய். எல்லையில் இரண்டு பக்கமும் உறவு வைத்திருக்கும் வீடுகளில் அந்தப் பொருள்தான் ஊறியிருக்கிறது.

என் முன்மொழிவு: இடைத்துணை. இடையில் வரும் துணை. மலையாளத்திலும் இட, துண இரண்டும் உண்டு, எனவே அலுவலர் மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்துகொள்வார். இடைத்துணையாளர், இடைத்துணை நேரம், இடைத்துணை இல்லம் என்று சொல் பெருகும்.


வேலந்தாவளத்திலிருந்து

ஐயா, கணக்குப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தைங்க.

மாற்றிருப்பு வேண்டாங்க. பஞ்சாயத்துக் கணக்கில் இருப்பு என்றால் கையிருப்பு, தொடக்க இருப்பு, இறுதி இருப்பு. தணிக்கைக்காரர் எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கிடங்குக்கு மாற்றியது என்று கேட்பார்.

இடைத்துணை எழுத்தில் அருமை. வாசிக்கும்போது எங்கள் ஊரில் ‘எடத்தொணை’ ஆகிவிடும். அரசின் லைஃப் மிஷன் திட்ட வீட்டுக்கு இடமில்லாமல் காத்திருப்பவர்கள் கிராமசபையில் பாதிப்பேர். இடத்துக்கு உதவி என்று கேட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கையைத் தூக்குவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாதுங்க.

சொல் எதுவானாலும் திட்ட அறிக்கையில் அது யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதியோர் நலம் என்று போனால் திட்டத்தை நடத்தும் அலுவலர் ஐசிடிஎஸ் சூப்பர்வைசர். வலிதணிப்பு (பாலியேட்டிவ் கேர்) என்று போனால் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அலுவலர். கேரளத்தின் வலிதணிப்புக் கொள்கை 2008-லேயே வந்தது, வீடு தேடிப் போகும் நர்ஸ் பஞ்சாயத்திலேயே இருக்கிறார். அவருடைய வண்டிதான் இந்த வீடுகளுக்கு ஏற்கெனவே போய்வருகிறது. ஆனால் அவர் போவது புண் துடைக்கவும் டியூப் மாற்றவும். மூன்று மணி நேரம் உட்கார அவருக்கு நேரமில்லை. உட்காரும் ஆளுக்குத் தனிக் கூலி, தனித் தலைப்பு வேண்டும். தலைப்பில் மருத்துவ வாசனை அடித்தால் ‘மருந்து வாங்கிய ரசீது எங்கே’ என்பார்கள். அதனால் ‘சிகிச்சை’ என்ற சொல்லும் கூடாது.

‘பகல்வீடு’ என்று போடலாமே என்பார்கள். பகல்வீடு, முதியோர் பகலில் வந்து இருக்கும் ஓர் இடம். நாம் கேட்பது வீட்டுக்கு வரும் ஆளையும் சேர்த்து.

இன்னொரு சிக்கல். அம்மாவை ஒரு மாதம் பொள்ளாச்சி மகன், ஒரு மாதம் இங்கே மகள் என்று முறை வைத்துப் பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. ரேஷன் கார்டு ஒரு பக்கம், ஆள் மறுபக்கம். பார்ப்பவர் பெயர் என்ற கட்டத்தில் ஒரே பெயருக்குத்தான் இடம் விட்டிருக்கிறது. இரண்டு பெயர், எந்தெந்த மாதம் என்று கட்டம் வேண்டும். இல்லையென்றால் சரிபார்க்க வரும் நாளில் நோயாளி ஆனைமலைப் பக்கம் இருப்பார், பெயர் அடிபட்டுப் போகும்.


மூணாற்றிலிருந்து

வண்டி போகாத மலைக்குடிகளிலிருந்து நோயாளியைக் கம்பில் கம்பளி கட்டித் தூக்கி வருவார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், கூடவே வெறுங்கையாக நான்கு பேர் நடப்பார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கியதும் ‘தோள் மாத்து’ என்று ஒரு குரல் வரும். பக்கத்தில் நடப்பவர் கம்புக்கு அடியில் தோளைக் கொடுத்த பிறகுதான் முதல் ஆள் தோளை எடுப்பார். கம்பளி தரையில் படாது, உள்ளே இருப்பவருக்கு ஆள் மாறியதே தெரியாது.

நமக்கு வேண்டியது இதுதானே. சுமைதாங்கியில் நடை நின்றுவிடுகிறது. இதில் தூக்குகிறவர் மட்டும் நிற்கிறார். முன்னவர் விடுவதற்கு முன் பின்னவர் பிடிக்க வேண்டும் என்ற விதியும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, நான் மேலே சொன்ன முதல் இரண்டு தடவை போல.

தோள்மாற்று. ஆளுக்குத் தோள்மாற்றாளர். நேரத்துக்குத் தோள்மாற்று நேரம்.


கம்பத்திலிருந்து

சிஸ்டர், சொல் நன்று. ஆனால் பாடை தூக்கும்போதும் இதே குரல்தான். சுமைதாங்கிக்குச் சொன்ன தடை இதற்கும் வராதா?


மூணாற்றிலிருந்து

வரும் ஐயா, கொஞ்சம். ஆனால் சப்பரத்துக்கும் பல்லக்குக்கும் அதே குரல்தான். ‘தோள் கொடுத்தான்’ என்பதைச் சாவு வீட்டிலும் சொல்கிறோம், கல்யாண வீட்டிலும் சொல்கிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. சுமைதாங்கியில் நோயாளிக்குச் சுமை என்று பெயர் விழுகிறது. தோள்மாற்றில் பெயர் தூக்குகிறவருக்கு.


கொழிஞ்சாம்பாறையிலிருந்து

சரி, தோள்மாற்று. கம்பம் ஐயாவின் தயக்கத்தையும் மனதில் வைத்து, முதல் ஆண்டு படிவத்தில் சொல்லுக்குக் கீழேயே விளக்கம் அச்சாகும்: ‘தோள்மாற்று: மறதிநோயாளியைப் பார்ப்பவர் வெளியே போகவோ தூங்கவோ மருத்துவரைப் பார்க்கவோ, அந்த நேரத்துக்குப் பஞ்சாயத்து அனுப்பும் ஆள் பொறுப்பேற்பது. இதற்குப் பணம் கையில் தரப்படாது. ஆஸ்வாஸகிரணம் பெறுவோரும் கேட்கலாம்.’ தூங்கவோ என்பதை வேண்டுமென்றே சேர்த்தேன். தூங்குவதற்கு ஆள் கேட்கலாமா என்று பெண்கள் கூச்சப்படுவார்கள். அச்சில் இருந்தால் கேட்பார்கள்.

7-ஆம் கட்டத்தில் ‘எத்தனை நாள்’ என்று இருந்ததை ‘வாரத்துக்கு எத்தனை மணி’ என்று மாற்றியாயிற்று. நாள் என்று விட்டால் 3 மணி நேரம் கேட்பவர் எதை எழுதுவார்? அரை நாள் என்று எழுதுவார், கணினி அரையை ஏற்காது, ஒன்று என்று போகும், ஒரு நாள் கூலிக்கு மூன்று மணி வேலை என்று தணிக்கையில் நிற்கும். பார்ப்பவர் பெயருக்கு இரண்டு வரி, மாதத்தோடு.

9-ஆம் கட்டத்தில் அடுத்த சிக்கல். நோயாளி வீட்டைவிட்டு நடந்து போய்விடுவதை ‘அலைதல்’ என்று போட்டிருக்கிறோம். அலைவது நோக்கமில்லாமல். பழைய டிவிஷனுக்குப் போகிறவருக்கு நோக்கம் இருக்கிறதே. ‘ஓடிப்போதல்’ அதைவிட மோசம், ஊரில் வேறு பொருள். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், அச்சுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.