சுரங்கப்பாதை ஒளிக்கலை: 'ஒளியமைப்பு' போதுமா?

அன்புடையீர்,

சுரங்கப்பாதை போன்ற இடங்களில் ஒளியைக் கொண்டே அமைக்கும் கலைப்படைப்புக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ஒரு தமிழ்ப்பெயர் தேடுகிறோம். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> ஒளியமைப்பு என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

மேடையிலும் படப்பிடிப்பிலும் ஊறிப்போன சொல் அது. அங்கே விளக்கு வேறொன்றைக் காட்ட எரிகிறது, நடிகரின் முகம், பின்திரை என்று ஏதோ ஒன்றை. நாம் பெயர் தேடுவது ஒளியே சரக்காக இருக்கும் படைப்புக்கு. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் இரண்டு கட்டடங்களை இணைக்கும் நிலத்தடி நடைவழியில் லியோ வில்லரியல் 2008இல் அமைத்த 'மல்டிவெர்ஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 41,000 எல்.இ.டி. புள்ளிகள். எது எப்போது எரிய வேண்டும், எந்த அளவுக்கு மங்க வேண்டும் என்பதைக் கணினி நிரல் பார்த்துக்கொள்கிறது. மின்சாரத்தை நிறுத்தினால் படைப்பே இல்லை.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அலபாமாவின் பர்மிங்ஹாமில், ரயில் பாதைக்கு அடியில் செல்லும் வழியில் பில் ஃபிட்ஸ்கிப்பன்ஸ் 2013இல் செய்த 'லைட்ரெயில்ஸ்' கலையும்தான், இருட்டு வழிக்கு வெளிச்சமும்தான். ஆனால் பயன் இரண்டு என்பதற்காகப் பெயரைத் தெருவிளக்குப் பக்கம் தள்ளிவிட வேண்டுமா?

மாற்றுச் சொற்களுக்கு வருவோம். 'ஒளிவழி' வேண்டவே வேண்டாம். ஒளிந்து போகிற வழி என்றுதான் முதலில் காதில் விழுகிறது. ஏற்கெனவே பலர் சுரங்கப்பாதையில் இறங்கத் தயங்குகிறார்கள்! 'ஒளிப்பாதை', ஒளிக்கதிர் செல்லும் பாதை என்ற பொருளில் இயற்பியலுக்குப் போய்விட்டது. 'ஒளி நிறுவல்' மோசமில்லை, கலை வட்டாரத்தில் நிறுவல் கலை (installation art) என்பது புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் மென்பொருள்காரருக்கு நிறுவல் என்றால் கணினியில் மென்பொருளை ஏற்றுவது, இலங்கைக் கணித மாணவருக்கு அது தேற்றத்தின் நிறுவல், அதாவது நிரூபணம்.

என் பரிந்துரை: ஒளிப்புனைவு.

> புனைவு என்றால் கதை என்றல்லவா நினைப்பார்கள்?

மாலை புனைகிறோம், வேடம் புனைகிறோம். கதையுலகம் அந்தச் சொல்லை வாடகைக்கு எடுத்திருக்கிறதே தவிர, எழுதி வாங்கிவிடவில்லை. முன்னால் 'ஒளி' வந்துவிட்டால் குழப்பமும் வராது.

அப்புறம், 'மின்', 'எல்.இ.டி.' போன்ற எதையும் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம். சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில், நகரும் நடைமேடைகளுக்கு மேலே மைக்கேல் ஹேடன் 1987இல் வளைத்து வளைத்துத் தொங்கவிட்டவை நியான் குழாய்கள். கருவி மாறும், பெயர் நிற்க வேண்டும். இடத்தையும் அடைமொழியாகவே வைக்கலாம்: சுரங்கப்பாதை ஒளிப்புனைவு, பாலத்தடி ஒளிப்புனைவு.

பட்டியலில் இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்:

ஒளிப்புனைவு (பெ.): ஒளியையே மூலப்பொருளாகக் கொண்டு, குறிப்பிட்ட ஓர் இடத்துக்கென உருவாக்கப்பட்ட கலைப்படைப்பு.

கூடவே வரும் துணைச் சொற்களில் 'கண்கூச்சம்' அப்படியே இருக்கட்டும், அதற்குப் போய்ப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. விளக்கு விட்டுவிட்டுத் துடிப்பதற்குத்தான் 'மினுக்கமா', 'சிமிட்டலா' என்று முடிவாகவில்லை. என் வாக்கு சிமிட்டலுக்கு. மினுக்கம் என்றால் அழகு என்றாகிவிடுகிறது, இதுவோ தலைவலி தரும் பழுது.