கோர் டம்ப்பால் பிழையைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி:
லினக்ஸில் இயங்கும் எங்கள் சி++ சேவை, வாடிக்கையாளரிடத்தில் வாரத்துக்கு ஒருமுறை செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொடும் பிழை) ஏற்பட்டு நின்றுவிடுகிறது. எங்கள் கணினிகளில் எவ்வளவு முயன்றும் அந்தப் பிழையை வரவழைக்க முடியவில்லை. கையில் இருப்பது, செயலி விழுந்த நொடியில் அதன் நினைவகத்தைப் பதிந்துவைத்த 3 ஜிபி கோர் டம்ப் ஒன்றுதான். அதை ஜிடிபி என்ற டீபக்கரில் (பிழை தேடும் கருவியில்) திறந்தால் பேக்டிரேஸ் (ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைத்த வரிசை) முழுவதும் கேள்விக்குறிகளாக வருகிறது. டம்ப்பைக் கிளறுவது வீண் வேலை, செயலி எழுதும் லாக் (பதிவு) வரிகளைக் கூட்டினால் போதும் என்கிறார் உடன் பணிபுரிபவர். அவர் சொல்வது சரியா?

பதில் 1:
கேள்விக்குறிகள் டம்ப்பின் குற்றமல்ல. நீங்கள் ஜிடிபிக்குக் கொடுத்த பைனரியும் (கம்பைல் செய்த கோப்பும்) வாடிக்கையாளரிடம் ஓடிய பைனரியும் வேறு வேறாக இருக்கக்கூடும். இரண்டின் பில்டு ஐடியையும் (ஒவ்வொரு பைனரிக்கும் உரிய அடையாள எண்ணையும்) முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்குள்ள லைப்ரரி கோப்புகளும் அதே பதிப்பில் வேண்டும். வெளியிடும் ஒவ்வொரு பதிப்புக்கும் டீபக் சிம்பல்களை (முகவரிகளை ஃபங்ஷன், மாறிப் பெயர்களோடு இணைக்கும் தகவலை) எடுத்து வைக்காத குழுவுக்கு டம்ப் உதவாமல் போவதில் வியப்பில்லை.

பதில் 2:
எதை எழுத வேண்டும் என்று நாம் முன்கூட்டியே ஊகித்தது மட்டுமே லாக்கில் இருக்கும். ஒருமுறை, ஒரு பாயின்டரை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியை) தொட்டதும் என் செயலி விழுந்தது. டம்ப்பில் அதன் 8 பைட்டுகளும் 32 30 32 34 30 33 31 35 என்றிருந்தன. எந்த முகவரியும் இப்படி இராதே என்று ஆஸ்கியாக (எழுத்துகளுக்கான எண் குறியீடாக) படித்தால், 20240315 என்ற தேதி! ஸ்ட்ரக்சரில் அந்தப் பாயின்டருக்கு முன்னால் கோப்புப் பெயருக்காக 32 பைட்டுகள் ஒதுக்கியிருந்தேன். பெயர் நீண்டு, அதன் வால் பாயின்டரின் மேல் ஏறியிருந்தது. அந்த மதிப்பை எந்த லாக்கிலும் நான் எழுதியிருக்க மாட்டேன்.

பதில் 3:
பதில் 2 எழுதியவரே, உங்களுக்குத் தடயம் டம்ப்பிலேயே கிடைத்துவிட்டது. விடுவித்த நினைவகத்தை வேறொரு த்ரெட் (செயலிக்குள் இணையாக ஓடும் இழை) கெடுக்கும்போது, விழுந்த இடத்தைத்தான் டம்ப் காட்டும்; தடுக்கிய இடம் எப்போதோ கடந்துபோயிருக்கும். அதற்கு, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து ஓட்டிப் பார்ப்பதே மேல். மாறாக, டெட்லாக்கில் (த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்து நிற்பதில்) செயலி உறைந்து நின்றால், ஜிகோர் என்ற கருவி கொண்டு டம்ப் எடுத்து எல்லா த்ரெட்களின் பேக்டிரேஸையும் பார்த்தாலே, எது எந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கிறது என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும். இன்னொன்று: அந்த 3 ஜிபிக்குள் கடவுச்சொற்களும் இருக்கலாம், கண்ட இடத்தில் பதிவேற்றாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
பில்டு ஐடி ஒத்துப்போகவில்லை. சரியான பைனரியைத் தேடியெடுத்துத் திறந்ததும் ஃபங்ஷன் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன. எனக்கு வேண்டிய ஒரு மாறி மட்டும் ஆப்டிமைஸ்டு அவுட் (கம்பைலர் மேம்படுத்தும்போது நீக்கிவிட்டது) என்கிறது.

பதில் 1:
பேக்டிரேஸில் ஒரு ஃபிரேம் (ஒரு ஃபங்ஷன் அழைப்பு) மேலே ஏறி, அழைத்த ஃபங்ஷனில் அதே மதிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள்.